அத்தையின் நெற்றி

என் அத்தையின் நெற்றியில் அவள் ஆயுளில் ஒரே ஒரு நாள்தான் திருநீறு இருந்தது. அதைத் தென்காசியில் எங்கள் சபையார் அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள முடியுமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்றைக்கு இதைப் படிக்கிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்திய காலம் அது. எங்களுக்கு நெற்றிதான் அடையாளம். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் பொட்டு வைத்து, பூ வைத்து வருவார்கள். நானும் இன்னும் இரண்டு மூன்று பேரும் எண்ணெய் வழியும் வெறும் நெற்றியோடு போவோம். "ஏட்டி, ஒங்க வீட்ல கண்ணாடி கெடையாதா?" என்று கேட்பார்கள். வீட்டுக்கு வந்து அழுதால், அது வெறும் நெற்றி இல்லை, ஞானஸ்நானத்தில் குருவானவர் விரலால் சிலுவை போட்ட நெற்றி, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் என்பார் அப்பா. நான் அதை அப்படியே நம்பினேன். யாரும் இல்லாத நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததும் உண்டு.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமாகிப் போன ஊரில் வாந்திபேதி வந்து, புருஷனும் இரண்டு பிள்ளைகளும் ஒரே வாரத்தில் போய்விட, தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அப்பா சபைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அத்தைக்கும் சபையிலேயே ஒரு வேலை கிடைத்தது. வெள்ளைச் சேலை கட்டி, தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு ஆண்டவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விரும்புகிறவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஊரில் அவளைப் பைபிள் அம்மா என்பார்கள். பைக்குள் வேதபுத்தகமும் மூக்குக் கண்ணாடியும் வேதக் கதைகளின் படங்கள் ஒட்டிய ஒரு துணிச்சுருளும் இருக்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பாள். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் கீழே போட்டு மாட்டிக்கொள்வாள்.

அத்தையிடம் எனக்குப் பிரியம்தான். ஆனால் அவள் வேலை செய்கிற விதம் எனக்குத் திருப்தியாக இல்லை. குருவானவர் இல்லாத நாட்களில் சபையைப் பார்த்துக்கொள்கிற எங்கள் உபதேசியார் தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்தால் பேட்டைக்குப் போகிற மாடுகூட நின்று கேட்கும். அத்தை ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் முறத்தை வாங்கி அரிசியில் கல் பொறுக்குவாள். அந்த வீட்டுக் குழந்தைக்குக் கரப்பானா சொறியா என்று பார்ப்பாள். வீட்டுக்காரி மாமியாரைக் குறை சொன்னால் கூடவே சிரிப்பாள். ஆண்டவரின் பெயர் வருவதற்குள் அடுப்பில் சோறு வெந்துவிடும். வேத வசனங்களை மனப்பாடமாக ஒப்பித்து இரண்டு முறை பரிசு வாங்கியவள் நான். அத்தையைவிட நானே நன்றாகச் சொல்லுவேன் என்று மனசுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. வெளியே சொல்லத்தான் தைரியம் கிடையாது. நான்கு பேர் முன்னால் வாய் திறக்கச் சொன்னால் எனக்கு இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பாடச் சொன்னால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு பாடிவிடுவேன்.

அதற்காகத்தான் சனிக்கிழமைகளிலும் லீவு நாட்களிலும் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போவாள்.

அந்த வருஷம் ஆனி பிறந்ததுமே சாரல் தொடங்கிவிட்டது. சாரல் நாட்களில் குற்றாலத்தில் வீடு கிடைக்காது. குளிக்க வருகிறவர்கள் ஒரு பக்கம். புத்தி பேதலித்தவர்களைக் கொண்டுவந்து ஒரு மண்டலம் அருவியில் தலையைக் காட்ட வைப்பவர்கள் இன்னொரு பக்கம். அருவித் தண்ணீர் மண்டையில் விழுந்தால் சித்தம் தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆலங்குளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு கிராமத்திலிருந்து, நிறைய நஞ்சை புஞ்சை உள்ள ஒரு குடும்பம் அப்படி வந்து வீடு எடுத்துத் தங்கியிருந்தது. மாமியார், மகன், மருமகள். மருமகளுக்குத்தான் வைத்தியம்.

அந்த அக்காவுக்கு இருபது வயது இருக்கும். முதல் பிள்ளை, பால்குடி மறக்காத ஆண் பிள்ளை, காய்ச்சலில் போய்விட்டது. அன்றைக்கு வாயை மூடியவள் அப்புறம் திறக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். இரண்டு கையும் மடியில், பிள்ளையை ஏந்தியிருப்பது மாதிரியே மடங்கிக் கிடக்கும். சோற்றை மாமியார்தான் ஊட்டவேண்டும். தலைமுடியை வேலைக்காரிதான் வாரவேண்டும். ஈ உட்கார்ந்தால்கூட கையைத் தூக்கி ஓட்டமாட்டாள்.

மாமியாரை நாங்கள் ஆச்சி என்று கூப்பிட்டோம். பக்கத்து வீட்டில் அத்தை பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு அவளாகத்தான் கூப்பிட்டாள்.

"ஒருத்தன் கிரகங்கான். ஒருத்தன் எங்க குடும்பத்துச் சாபங்கான். ஒருத்தி, பிள்ளைய ஒழுங்காப் பாக்கலங்கா. ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. இவ செவத்த விட்டுத் திரும்ப மாட்டேங்குதா. ஒங்க சாமிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கம்மா. எந்தச் சாமி கேட்டா என்ன? ஆனா ஒண்ணு, வேதத்துல சேக்குத பேச்செல்லாம் இங்கன கூடாது."

"சரி ஆச்சி" என்றாள் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உபதேசியாராக இருந்தால் இந்த இடத்தில் மூன்று வசனம் சொல்லியிருப்பார்.

முதல் இரண்டு மூன்று தடவை அத்தை படச்சுருளை விரித்து ஒவ்வொரு கதையாகச் சொன்னாள். அந்த அக்கா சுவரைத்தான் பார்த்தாள். அத்தை என்னைப் பாடச் சொன்னாள். நானும் கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். கண்ணைத் திறந்தால் அப்போதும் எதிரே அவள் முதுகுதான் இருந்தது. வாசலில் வேலைக்காரி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு முதுகுக்கு முன்னால் ஞானப்பாட்டுப் பாடிய வெட்கத்தில் அன்று வீடு வரும்வரை நான் பேசவில்லை. அடுத்த தடவை அத்தை சுருளை எடுக்கவே இல்லை. சீப்பை வேலைக்காரியிடமிருந்து வாங்கிக்கொண்டு அந்த அக்காவின் பின்னால் உட்கார்ந்து தலைவாரத் தொடங்கினாள். அப்படியே பல நாட்கள். நானும் பாடிக்கொண்டிருந்தேன். ஆண்டவரைப் பற்றிப் பேச்சே இல்லை. இப்படிச் சிக்கெடுக்கவா சபை சம்பளம் கொடுக்கிறது என்று நான் நினைத்தேன்.

ஒரு நாள் வாரிக்கொண்டே அத்தை தன்னைப்பற்றிச் சொன்னாள். யாரிடமோ சொல்வதுபோல, சீப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கும் ரெண்டு இருந்துச்சு தாயி. ஒரே வாரத்துல வீட்டுக்காரவியளோட சேத்து மூணு குழி. அதுக்கப்புறம் ஒரு வருசம் நானும் இப்படித்தான் செவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். யாராச்சும் ஜெபம் பண்ணுன்னு சொன்னா கோவம் வரும். ஆண்டவர்ட்ட பேச்சே கெடையாது."

நான் ஆச்சியைப் பார்த்தேன், அவள் கேட்டுவிட்டாளோ என்று. பைபிள் அம்மா ஒரு வருஷம் ஜெபம் பண்ணவில்லை என்பதை ஓர் இந்து வீட்டில் உட்கார்ந்து சொல்லலாமா?

அத்தை நிறுத்தவில்லை. "அப்பம் ஒரு நா, அவரு ஒரு சிநேகிதன் செத்த வீட்டுக்குப் போயி அழுத கதை ஞாபகம் வந்துச்சு. சாமியா இருந்துக்கிட்டு கல்லறை வாசல்ல நின்னு அழுதிருக்காரு தாயி. பெறகுதான் அவன எழுப்புனாரு. மொதல்ல அழுதாரு. அதப் புடிச்சுக்கிட்டுத்தான் நான் எந்திரிச்சேன்."

அந்தக் கதை எனக்கு நன்றாகத் தெரியும். அதில் அவர் அழுததைச் சொல்கிற வசனம்தான் வேதத்திலேயே ஆகச் சிறியது. ஞாயிறு பள்ளியில் சோம்பேறிப் பிள்ளைகள் எல்லாம் அதைத்தான் ஒப்பிப்பார்கள். இதைப் போய்ச் சொல்கிறாளே என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு குரல் கேட்டது. கரகரவென்று, துருப்பிடித்த கதவைத் திறந்த மாதிரி.

"எழுப்பப் போறவரு எதுக்கு அழுதாரு?"

ஆச்சியின் கையிலிருந்த செம்பு கீழே விழுந்து உருண்டது. அந்த அக்கா கழுத்தைத் திருப்பி அத்தையைப் பார்த்தாள்.

அத்தை சீப்பைக் கீழே வைத்தாள். பிறகு, "தெரியலயே தாயி" என்றாள். "நானும் அதத்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

அந்த அக்கா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்று சுவர்ப்பக்கம் திரும்பவும் இல்லை. ஆச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். மனுஷருடைய அவிசுவாசத்தைக் கண்டு அழுதார் என்று உபதேசியார் சொல்லிக் கொடுத்திருந்தார். திரும்பி வரும்போது, மேலகரம் தாண்டுகிறவரை பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "அத்தே, எனக்குத் தெரியும். சொல்லிருப்பேன்ல. நீங்க தெரியலன்னு சொல்லிட்டீங்க."

"ஒனக்குத் தெரிஞ்சா நல்லதுதான்ட்டி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். கோபமா இல்லையா என்று தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமைதான் அது நடந்தது.

நாங்கள் போனபோது ஆச்சி அந்த அக்காவை அருவிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். அத்தையும் நானும் அருவிக்கரைக்குப் போனோம். முந்தின நாள் இரவு மலையில் நல்ல மழை. தண்ணீர் கலங்கி, இரைந்து விழுந்துகொண்டிருந்தது. வழக்கமாக அந்த அக்காவைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நிற்கிற வேலைக்காரிக்குக் குளிர் ஜுரம், வரவில்லை. ஆச்சிக்கு வயதாகிவிட்டது, பாறை வழுக்குகிறது. அந்த அக்கா நடுங்கிக்கொண்டு ஓரத்தில் நின்றாள். யாரோ ஒரு பெண், இழுத்துத் தள்ளுங்க, தண்ணி பாத்துக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அத்தை பையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். செருப்பையும் கொடுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அக்காவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டாள்.

எங்கள் சபையாரும் குற்றாலத்தில் குளிப்பார்கள்தான். ஆனால் சாமி கும்பிட வந்தவர்கள் குளிக்கிற நேரத்தில், அவர்களோடு சேர்ந்து, அதுவும் பைபிள் அம்மா? குடையை விரித்து, பை நனையாமல் அணைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தேன். சிறிது சிறிதாகத்தான் தெரிந்தது. வெள்ளைச் சேலையும் மஞ்சள் சேலையும் ஒன்றாக ஒட்டியிருந்தன. தண்ணீர் அந்த அக்காவின் தலையில் நேராக விழாமல் அத்தை தன் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் வாயை வைத்து என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் ஆச்சி இடுப்பில் செருகியிருந்த சிறு பையை எடுத்துக் கொஞ்சம் திருநீற்றைக் கையில் கொட்டினாள். தினமும் குளித்ததும் மருமகளுக்குப் பூசிவிடுவது அவள் வழக்கம். அன்று ஆச்சியின் கை மேலே போவதற்குள் அந்த அக்கா தன் கையை நீட்டினாள். மடியில் மடங்கியே கிடந்த கை. இரண்டு விரலால் திருநீற்றை எடுத்தாள். நேராக அத்தையின் நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

"ஏட்டி ஏட்டி, அவிய வேதக்காரவிய. பூசக் கூடாதுட்டி" என்று ஆச்சி பதறிக் கையைப் பிடிக்கப் போனாள்.

"விடுங்க ஆச்சி" என்றாள் அத்தை. சொல்லிவிட்டுக் குனிந்துகொடுத்தாள்.

அவள் குனிந்ததைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. பூசியது அந்த அக்கா, சரி. குனியாமல் இருந்திருக்கலாமே?

ஈர நெற்றியில் அது சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொண்டது. அவர்கள் வீட்டுக்குப் போய் அத்தை மாற்றுச் சேலை வாங்கி உடுத்திக்கொண்டாள். முகம் துடைக்கவில்லை. அந்த அக்கா எதிரே உட்கார்ந்து அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். புறப்படும்போது அத்தையின் கையை விடவே இல்லை. சரி, காற்று வாங்கினாப்பல இருக்கும் என்று ஆச்சி வில்வண்டியைப் பூட்டச் சொன்னாள். எங்களைக் கொண்டுவிட்டு வர, ஆச்சியும் அந்த அக்காவும் வண்டியில் ஏறினார்கள். அந்த அண்ணாச்சி, அவள் வீட்டுக்காரர், தானே வண்டி ஓட்டினார்.

"அத்தே, நெத்தி" என்று நான் இரண்டு முறை முழங்கையால் இடித்தேன். "இருக்கட்டும்ட்டி" என்றாள்.

தென்காசிக்குள் நுழைந்து, அந்தக் காலத்தில் இடி விழுந்து பிளந்து நின்ற பெரிய கோபுரத்தைத் தாண்டும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மறுநாள் திருவிருந்து ஞாயிறு. குருவானவர் மாதம் ஒருமுறைதான் வருவார். வந்தால் அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பார். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஆயத்த ஜெபக்கூட்டம். வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்புவதற்கும் கூட்டம் முடிந்து ஆட்கள் எங்கள் சபைக் கோயில் வாசலில் இறங்குவதற்கும் சரியாக இருந்தது. எங்கள் வீடு கோயிலுக்கு அடுத்த வீடு.

அத்தை இறங்கினாள். நானும் இறங்கினேன். பேச்செல்லாம் அப்படியே நின்றுபோயிற்று.

உபதேசியார்தான் முன்னால் வந்தார். "அம்மா, நெத்தியில என்ன அது?"

"அந்தப் பிள்ளை பூசிவிட்டா ஐயா."

"சரி. தொடச்சிருங்க."

அத்தை வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அக்கா வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி போவட்டும் ஐயா" என்றாள் அத்தை.

எங்கள் தெரு குறுகலானது. வில்வண்டியைத் திருப்புவது லேசில்லை. அண்ணாச்சி இறங்கி மாட்டைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளி, முன்னுக்கு இழுத்து, மறுபடி பின்னுக்குத் தள்ளினார். சபை முழுக்கக் கையில் வேதபுத்தகத்தோடு நின்று வேடிக்கை பார்த்தது. என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் என்னையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்பா கூட்டத்தின் கடைசியில் நின்றார். அவர் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. வண்டி தெருமுனையில் மறைந்ததும் அத்தை முந்தானையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லாருக்கே. அவிய நின்னா பூசிக்கிடுவீங்க, போனாத் தொடச்சிக்கிடுவீங்களோ?" என்றார் உபதேசியார்.

"பூசுனதுதான் பூசுனாவ, அப்படியே ஒரு குங்குமத்தையும் வச்சு அனுப்பிருக்கலாம்" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் சொல்ல, சிலர் சிரித்தார்கள். அத்தை விதவை. அது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் குருவானவர் அத்தையைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். நல்ல மனுஷர்தான். எங்கள் சபையில் அதற்கு ஒரு முறை இருந்தது. தப்புச் செய்தவர்கள் ஆராதனையில் எழுந்து நின்று, தப்புச் செய்தேன் என்று எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொன்னால் திருவிருந்துக்குப் போகலாம், சொல்லாவிட்டால் போகக்கூடாது. குடித்துவிட்டு வந்தவர்கள், தாலிகட்டுக்கு நாள் நட்சத்திரம் பார்த்தவர்கள் எல்லாம் அப்படி எழுந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அத்தையும் சொல்லிவிடுவாள், அதோடு முடிந்துவிடும் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

குருவானவர் கைகாட்டியதும் அத்தை எழுந்தாள். பெண்கள் பக்கத்துப் பாயில், அவள் சேலை என் மேல் படுகிற அளவு பக்கத்தில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். சும்மா சொல்லிவிடு அத்தே என்று நான் கண்ணை இறுக்க மூடி ஜெபம் பண்ணினேன்.

"குற்றாலத்துல ஒரு பிள்ளை, பிள்ளையப் பறிகுடுத்துட்டு மனசு ஒடஞ்சு கெடக்கா. அவளுக்காக எல்லாரும் ஜெபம் பண்ணிக்கோங்க" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

குருவானவர் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். பிறகு புத்தகத்தைத் திறந்தார்.

பெண்கள் ஒவ்வொரு வரிசையாக எழுந்து பீடத்துக்கு முன்னால் போய் முழங்காலிட்டார்கள். எங்கள் வரிசையும் எழுந்தது. அத்தை எழவில்லை. என்னைப்போன்ற சிறு பிள்ளைகளும் உட்கார்ந்துதான் இருப்போம். ஆகவே அந்தப் பெரிய பாயில் நானும் அவளும் மட்டும் மிச்சமானோம். எல்லோரும் திரும்பி வரும்போது எங்களைப் பார்த்துக்கொண்டேதான் வந்தார்கள். அம்மா வந்து வேறு பாயில் உட்கார்ந்தாள். நான் தவழ்ந்து தவழ்ந்து அம்மாவிடம் போய்விட்டேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் அவளுக்குத் தெரியாது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அடுத்த மாதம் குருவானவர் வருகிறவரை அத்தை வீடு சந்திக்கப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். துணிப்பை ஆணியில் தொங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை வில்வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. அண்ணாச்சி மட்டும் வந்திருந்தார்.

"அம்மா இருக்காவளா சார்? அவ வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா. நேத்துலருந்து சாப்பாடும் எறங்கல. வாயத் தொறந்து கேக்கல, வெள்ளச் சேலையத் தொட்டுத் தொட்டுக் காட்டுதா. ஒரு நடை வந்துட்டாவன்னா…"

அப்பா படிக்கட்டில் வழிமறித்தாற்போல நின்றார். எதிர்வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. அது உபதேசியார் வீடு.

"அக்கா ஊர்ல இல்லிங்க" என்றார் அப்பா. "பாளையங்கோட்டைக்குப் போயிருக்காவ."

பொய் சொன்னால் பிரம்பெடுக்கிற அப்பா அவர். அடுக்களையில் அத்தை தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவல் சத்தம் நின்றது. அண்ணாச்சி அதைக் கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். சத்தம் மறுபடி தொடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் அத்தை வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். ஆணியில் தொங்கிய பையைத் தொடவில்லை. குடையை மட்டும் எடுத்துக்கொண்டாள். அப்பா வராந்தாவில் உட்கார்ந்து பிள்ளைகளின் சிலேட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"ஏட்டி, வாரியா?" என்று என்னைக் கேட்டாள் அத்தை.

சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. போகலாம்தான். வெளியே உபதேசியார் வீட்டு வாசலில் யாரோ கோலம் இல்லாத முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். "வயித்த வலிக்கி அத்தே" என்றேன்.

"சரி, சுக்குத்தண்ணி போட்டுக் குடி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். தெரு முடிகிறவரை செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள். திரும்புகிற இடத்தில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அங்கே போய் என்ன பேசினாள், ஆண்டவர் அழுததன் காரணத்தை இரண்டு பேரும் கண்டுபிடித்தார்களா, ஜெபம் பண்ணினாளா, தலைவாரினாளா, எதுவும் எனக்குத் தெரியாது. ஆடி முடிந்ததும் அந்தக் குடும்பம் ஊருக்குப் போய்விட்டது. மறுபடி நான் அவர்களைப் பார்த்ததில்லை. அடுத்த மாதமும் அத்தை, தப்புச் செய்தேன் என்ற அந்த வார்த்தையைச் சபையில் சொல்லவில்லை. அதற்கும் அடுத்த வருஷம் வேறு குருவானவர் வந்தபிறகுதான் பையைத் திரும்ப எடுத்தாள்.

அவள் தனியாகக் குற்றாலம் போன அன்று சாயங்காலம் திரும்பி வந்தபோது நல்ல சாரல். காற்றில் குடை மடங்கிப்போய், தலையோடு நனைந்து வந்தாள். நான் வாசலுக்கு ஓடி முதலில் அவள் நெற்றியைத்தான் பார்த்தேன். வெறும் நெற்றி. தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. பூசவே இல்லையா, பூசியதை வழியெல்லாம் மழை கழுவிவிட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மங்குஸ்தான் பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள். சீசனில் குற்றாலத்து வாசல்களில் கூடையில் கொண்டுவந்து விற்பார்கள். எங்கள் வீட்டில் அதெல்லாம் வாங்குவது கிடையாது.

"அந்தப் பிள்ளை குடுத்தா. பாட்டுப் பாடுத பிள்ளை எங்க, வரலையான்னு கேட்டா. இத அவட்ட குடுங்கன்னு சொன்னா" என்றாள்.

நான் பழத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நசுக்கித் திறந்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று சுளைகள். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டேன்.

"அத்தே, நெத்தியில ஒண்ணும் பூசிவிடலயே?"

அத்தை என்னைச் சிறிது நேரம் பார்த்தாள்.

"இல்லட்டி" என்றாள். தலையைப் பிழிந்துகொண்டே உள்ளே போனாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. மீதிச் சுளைகளையும் தின்றேன். அந்த அக்கா வாய் திறந்து என்னைக் கேட்டிருக்கிறாள், என்னிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று அத்தை சொன்னது என் காதில் விழுந்துதான் இருந்தது. பழம் நன்றாக இனித்தது. தோலின் சாயம் பாவாடையில் பட்டுக் கறையாகிவிட்டது. அம்மா திட்டுவாளே என்பதுதான் அன்றைக்கு எனக்கு மிச்சமிருந்த ஒரே கவலை.